உன்மத்தத்தை அடக்கிய உப்பு
வைத்தியர் ஜோன் கேட் அவர்களின் வாழ்க்கை



அவர் இரவில் உறங்குவதில்லை. உறங்காவிடினும் களைப்பதில்லை. பேச்சு ஓய்வதில்லை, ஒன்றைச் சொல்லி முடிக்குமுன் இன்னொன்று வாயில் வந்துவிடுகிறது. வீட்டுப் பொருள்களை அரைவிலைக்கு விற்கிறார். வழியிற் கண்டவர்களுக்கு வாரி வழங்குகிறார். நாளைக்கே நாட்டை ஆளப்போவதாக எண்ணுகிறார். சில மாதங்கள் கழிகின்றன. அதே மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி உணவை மறுக்கிறார். தாம் பிறந்ததே பிழை என்று நினைக்கிறார். பின்னர் இரண்டும் நீங்கி, பழைய நல்ல மனிதராக எழுந்து வேலைக்குப் போகிறார். இது மீண்டும் எப்போது வரும் என்ற ஏக்கத்துடன் வீட்டார் நாட்களை எண்ணுகின்றனர்.

இத்தகைய ஒருவரை நீங்கள் அறிந்திருக்கக்கூடும். பேய் பிடித்தது என்றார்கள், செய்வினை என்றார்கள், குடும்பச் சாபம் என்றார்கள். வைத்தியர்கள் இன்று இதனை இருமுனை மனநிலைக் கோளாறு என்கின்றனர். உன்மத்தம் ஒரு முனை. மனச்சோர்வு மறு முனை. எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் உன்மத்தம் முற்றியவரை மதிலுக்குள் அடைத்து வைப்பதும், மயக்க மருந்து கொடுப்பதும், மின்னதிர்ச்சி கொடுப்பதுமே வைத்தியர் கையில் இருந்த வழிகள். அந்த நிலையை மாற்றிய ஒருவரின் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெற்ற வெற்றியை மட்டுமன்றி, அவர் கண்ட தோல்வியையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஏனெனில் நமக்குரிய பாடம் அந்தத் தோல்வியிலேதான் இருக்கிறது.

மதிலுக்குள் வளர்ந்த சிறுவன்

ஜோன் பிரெடெரிக் ஜோசப் கேட் 1912-ம் ஆண்டு ஜனவரி 18-ம் திகதி, அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கோதுமை விளையும் மேர்ட்டோவா என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர் வைத்தியர். முதலாம் உலகப் போரில் கலிப்பொலிப் போர்முனைக்குச் சென்று பணியாற்றித் திரும்பியபோது அவர் உடலும் உள்ளமும் சோர்ந்த மனிதராயிருந்தார். இரவு பகல் பாராது ஓடவேண்டிய நாட்டுப்புற வைத்தியத் தொழிலை அவரால் தொடர முடியவில்லை. அதனை விற்றுவிட்டு, அரசாங்க மனநோய் வைத்தியசாலைச் சேவையிற் சேர்ந்தார்.

அக்காலத்தில் இவ்வைத்தியசாலைகளில் வைத்தியருக்குரிய வீடும் வளவுக்குள்ளேயே இருக்கும். ஆகவே சன்பரி, பீச்வேர்த், மொன்ட் பார்க் என்று தந்தையார் மாற்றலாகிச் சென்ற இடமெல்லாம் பிள்ளைகளும் நோயாளர் நடுவிலேயே வளர்ந்தனர். ஊரார் அஞ்சி ஒதுங்கிய மனிதர்கள் சிறுவன் ஜோனுக்கு அயலவர்கள். அவர்கள் நோய் கொண்ட மனிதர்களே அன்றி வேறு இனத்தவர் அல்லர் என்பதை அவர் புத்தகத்திற் படித்து அறியவில்லை; முற்றத்தில் நின்று அறிந்தார்.

மெல்பேர்ண் ஸ்கொட்ச் கல்லூரியிலும் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்திலும் பயின்று 1934-ல் வைத்தியரானார். அறச்சகோதரிகள் நடத்திய புனித வின்சென்ட் வைத்தியசாலையிலும், பின்னர் சிறுவர் வைத்தியசாலையிலும் பணியாற்றினார். அந்நாட்களில் கடும் நிமோனியாக் காய்ச்சல் அவரை மரணத்தின் வாசல்வரை கொண்டுசென்றது. நோய்நாசினி மருந்துகள் பெருகாத காலம் அது. அப்போது அவரைப் பராமரித்த தாதியருள் ஒருவரான ஜீன் சார்ள்ஸ் என்பவரையே 1937-ல் மணந்தார். அதற்கு முன்பே, 1936-ல், தந்தையின் வழியில் மனநோய் வைத்தியத்திற் புகுந்துவிட்டார். 1938-ல் வைத்தியத்துறை மேற்பட்டமும் பெற்றார்.

சிறைமுகாம் புகட்டிய பாடம்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940-ல் படையிற் சேர்ந்த கேட், மனைவியையும் சிறு பிள்ளைகளையும் பிரிந்து 1941 தொடக்கத்தில் சிங்கப்பூர் சென்றார். 1942 பெப்ரவரி 15-ம் திகதி சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. நமது மூத்தோருள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்த்தோர் பலர். அந்த நாட்களின் பசியையும் பயத்தையும் அவர்கள் வாயிலாக நீங்கள் கேட்டிருப்பீர்கள். மேஜர் பதவியிலிருந்த கேட், சாங்கி முகாமிற் கைதியானார். மூன்றரை ஆண்டுகள் அங்கேயே கழிந்தன.

முகாமில் மனம் பேதலித்த படைவீரர்களைப் பார்க்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. மருந்தில்லை, உணவில்லை, பார்ப்பதற்குக் கண் மட்டும் இருந்தது. அவர் கூர்ந்து பார்த்தார். விசித்திரமாக நடந்து இறந்துபோன சிலரின் உடல்களைப் பிரேத பரிசோதனை செய்தபோது, மூளையில் வெளிப்படையான நோய்க்குறிகள் காணப்பட்டன. சத்துணவுக் குறைவினால் மனம் குழம்பியவர்களையும் கண்டார். மனநோய் எனப்படுவதில் ஒரு பகுதியேனும் உடலில் வேர்கொண்ட நோயே என்ற எண்ணம் அவருள்ளே உறுதிப்பட்டது. 1945 செப்டெம்பரில் விடுதலையாகி, மெலிந்துருகிய உடலோடு வீடு திரும்பியபோது அந்த எண்ணத்தையும் கொண்டுவந்தார்.

சாமான் அறையில் ஓர் ஆய்வு

மெல்பேர்ண் நகரின் புறத்தே, பண்டூராவில், போரினால் மனம் பாதிக்கப்பட்ட முன்னாட் படைவீரருக்கென ஒரு வைத்தியசாலை இருந்தது. கேட் அங்கு பொறுப்பேற்றார். ஆராய்ச்சிக்குப் பணமில்லை, உதவியாளரில்லை, ஆய்வுகூடமுமில்லை. பயன்படாது கிடந்த ஒரு சமையற் சாமான் அறையைத் துப்புரவாக்கி அதையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டார்.

அவருடைய எண்ணம் எளியது. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால் ஒரு நோய், குறைந்தால் இன்னொரு நோய். அதுபோல உடலில் இயல்பாகவே உண்டாகும் ஏதோவொரு பொருள் மிகுந்தால் உன்மத்தமும், குறைந்தால் மனச்சோர்வும் வரலாமன்றோ? மிகுந்த பொருள் சிறுநீரோடு வெளியேற வேண்டும். ஆகவே நோயாளரின் சிறுநீரைச் சேகரித்தார். அதை வைப்பதற்கு வேறு இடமின்றி, போத்தல்களில் நிரப்பித் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் குடும்பத்தின் உணவுப் பொருள்களுக்கருகே வைத்தார்! ஜீன் அம்மையாரின் பொறுமையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்தச் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்கு ஊசிமூலம் ஏற்றினார். உன்மத்தம் கொண்டோரின் சிறுநீர், மற்றவர்களுடையதிலும் குறைந்த அளவிலேயே அவற்றைக் கொல்வதாகத் தோன்றியது. யூரிக் அமிலம் இதற்குத் துணைபோகிறதா என்று அறிய விரும்பினார். அது நீரில் எளிதிற் கரையாது. அதன் உப்புகளுள் நன்கு கரைவது இலிதியம் சேர்ந்த உப்பு. எனவே அதைக் கலந்தார். எதிர்பாராத விளைவு! நஞ்சு கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. உடனே இலிதியக் காபனேற்றை மட்டும் தனியாக ஏற்றிப் பார்த்தார். தொட்டாலே துள்ளியோடும் அப்பிராணிகள் ஏறக்குறைய இரண்டு மணிநேரம் அசைவற்றுச் சாந்தமாய்க் கிடந்து, பின்னர் இயல்பு நிலைக்கு வந்தன.

இலிதியம் என்பது யாது? 1817-ல் சுவீடன் நாட்டிற் கண்டறியப்பட்ட, உலோகங்களுள் மிக இலேசானது அது. சோடியம் அதன் உறவினன். நாம் உண்ணும் உப்பிலுள்ள அதே சோடியம். கடந்த நூற்றாண்டுகளில் இலிதிய உப்புகளை வாதநோய்களுக்கும் கொடுத்துப் பார்த்துள்ளனர். கேட் செய்த ஆய்வில் பிழைகள் இருந்தன என்பது இன்று பலரின் கருத்து. கினிப்பன்றிகள் அடங்கிக் கிடந்தது குணத்தினால் அன்று, நஞ்சேறிய மயக்கத்தினால் என்று கருதுவோர் உளர். கொள்கை தவறியிருக்கலாம், ஆனால் அது அவரைக் கொண்டுவந்து நிறுத்திய வாசல் சரியான வாசலாய் இருந்தது.

எழுந்து வீடு சென்றவர்

பிறருக்குக் கொடுக்குமுன் கேட் அம்மருந்தைத் தாமே உட்கொண்டு பார்த்தார். தீங்கொன்றும் நேராததைக் கண்டபின், 1948 மார்ச் 29-ம் திகதி முதலாவது நோயாளிக்குக் கொடுத்தார். அந்த நோயாளிக்கு வயது 51. ஐந்து ஆண்டுகளாக இடைவிடாத உன்மத்தத்தில் இருந்தவர். அழுக்கோடு திரிவதும், பொருள்களை உடைப்பதும், எவர் அலுவலிலும் தலையிடுவதுமாக, விடுதியையே கலக்கியவர். அவர் வீடு திரும்புவார் என்ற நம்பிக்கை எவருக்கும் இருக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள்ளேயே மாற்றம் தெரிந்தது. மூன்று வாரங்களில் அவர் குணமடைவோர் விடுதிக்கு மாற்றப்பட்டார். யூலை மாதத்தில் வீடு சென்றார். முன்பு செய்த தொழிலுக்கே திரும்பினார். ஐந்து ஆண்டுகள் அவரைப் பூட்டி வைத்திருந்த கதவை ஒரு மலிவான உப்பு திறந்துவிட்டது.

கேட் இவ்வாறு உன்மத்தம் கொண்ட பத்துப் பேருக்குக் கொடுத்தார். பத்துப் பேரிலும் நன்மை கண்டார். மனச்சிதைவு நோயாளர் அறுவருக்குக் கொடுத்தபோது சிலருடைய கொந்தளிப்பு அடங்கியதேயன்றி, நோயின் வேர் அசையவில்லை. மனச்சோர்வுற்ற மூவரில் பயன் காணவில்லை. கண்டதைக் கண்டபடியே எழுதி, 1949 செப்டெம்பர் 3-ம் திகதி அவுஸ்திரேலிய வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டார். உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை.

மருந்தே நஞ்சாகியது

அன்பர்களே, கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

வீடு சென்ற அந்த மனிதர் சுகமாகவே இருந்தார். சுகமாக இருந்தபடியால் மருந்திற் கவனம் குறைந்தது. இன்று ஒரு வேளை விட்டார், நாளை ஒரு வேளை விட்டார். ஈற்றில் முற்றாகவே நிறுத்தினார். 1949-ன் தொடக்கத்தில் பழைய உன்மத்தத்தோடு மீண்டும் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார். மருந்து மறுபடியும் கொடுக்கப்பட்டது. மறுபடியும் குணம் கண்டது. ஆனால் இம்முறை உடல் தாங்கவில்லை. வாந்தி, நடுக்கம், தள்ளாட்டம். மருந்தை நிறுத்தினால் உன்மத்தம் எழும்பும், கொடுத்தால் நஞ்சேறும். இரண்டுக்கும் நடுவே கேட் தத்தளித்தார். 1950-ல், இலிதியம் உலகுக்குத் தந்த முதல் வெற்றியான அந்த மனிதர், இலிதியத்தின் நஞ்சினாலேயே இறந்தார்.

இதே காலத்தில் கடலுக்கு அப்பாலிருந்தும் கெட்ட செய்தி வந்தது. ஐக்கிய அமெரிக்காவில், சாதாரண உப்பு விலக்கப்பட்ட இருதய நோயாளருக்கு, உப்புக்குப் பதிலாக இலிதிய உப்பு கடைகளில் விற்கப்பட்டது. அளவின்றிச் சேர்த்து உண்ட சிலர் மாண்டனர். 1949-ல் அந்நாட்டு அதிகாரிகள் அதனைத் தடைசெய்தனர்.

கேட் மனம் உடைந்தார். தாம் கண்டுபிடித்த மருந்தைத் தாமே கைவிட்டார். பெயரும் புகழும் பெரிதென்று கருதும் ஒருவர் அந்த மரணத்தை மறைத்திருக்கலாம். குற்றத்தை நோயாளியின் மேற் போட்டிருக்கலாம். அவரோ, ஓர் உயிரை எடுக்கும் மருந்தை அளவறியாமல் இன்னோர் உயிருக்குக் கொடேன் என்று நின்றார். அவரிடம் இல்லாதது இரக்கமன்று, அறிவுமன்று. ஓர் அளவுகோல் மட்டுமே. குருதியில் எவ்வளவு இலிதியம் இருக்கிறது என்று அவரால் அளந்தறிய முடியவில்லை. முகத்தைப் பார்த்து, கையின் நடுக்கத்தைப் பார்த்து ஊகிக்கவே முடிந்தது.

அளவுகோல் கிடைத்தது

அந்த அளவுகோல் அதே மெல்பேர்ண் நகரிலேயே கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் ஆராய்ந்த எட்வேர்ட் டிரவுட்னர் என்பவரும், மொன்ட் பார்க் வைத்தியசாலையின் வைத்தியர் நோவாக் என்பவரும் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளருக்கு இலிதியம் கொடுத்து, 1951-ல் முடிவுகளை வெளியிட்டனர். குருதியை அளந்து பார்த்துக் கொடுப்பதே பாதுகாப்பான வழி என்பதை டிரவுட்னரும் அவருடன் உழைத்தோரும் நிலைநாட்டினர். இலிதியம் சுவாலையிற் செந்நிறமாக ஒளிரும். அந்த ஒளியின் வலிமையைக் கருவியால் அளந்தால், ஒரு துளிக் குருதியில் இலிதியம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

டென்மார்க் நாட்டின் ஓகூஸ் நகரில் மோகன்ஸ் ஸ்கூ என்னும் வைத்தியர் இப்பணியைத் தோளிலேற்றார். அவருடைய சொந்தச் சகோதரரே மீண்டும் மீண்டும் மனச்சோர்வினால் வீழ்ந்தவர். ஆகவே இது அவருக்கு வெறும் ஆராய்ச்சியாக இருக்கவில்லை. 1954-ல் ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வொன்றை வெளியிட்டு, கேட் கண்டது உண்மையே என்று காட்டினார். பின்னர் பாஸ்ட்ரப் என்னும் வைத்தியரோடு சேர்ந்து, இலிதியம் வந்த நோயை அடக்குவதோடு வரவிருக்கும் நோயையும் தடுக்கிறது என்று 1967-ல் அறிவித்தார். இலண்டனில் சிலர் இதனை நம்ப மறுத்தனர். எனவே, இலிதியம் உட்கொண்டு சுகமாயிருந்த 84 நோயாளரை எடுத்து, அவர்களுள் 39 பேருக்கு மட்டும் அவர்களும் வைத்தியரும் அறியாதபடி வெறுங்குளிகை கொடுக்கப்பட்டது. ஐந்து மாதங்களில் அந்த 39 பேருள் 21 பேர் மீண்டும் நோயில் வீழ்ந்தனர். இலிதியத்தைத் தொடர்ந்த 45 பேருள் ஒருவரேனும் வீழவில்லை. 1970-ல் இம்முடிவு வெளியானது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவும் இலிதியத்தை உன்மத்தத்துக்குரிய மருந்தாக ஏற்றுக்கொண்டது.

கேட் இதற்கிடையில் 1952 முதல் 1977 வரை மெல்பேர்ண் ரோயல் பார்க் மனநோய் வைத்தியசாலையின் அத்தியட்சகராக, இளம் வைத்தியரைப் பயிற்றும் பணியிலும் நோயாளர் பராமரிப்பைச் சீர்திருத்தும் பணியிலும் அமைதியாக உழைத்தார். புகழ் பிந்தியே வந்தது. 1974-ல் ஸ்கூவுடன் சேர்த்து அவருக்கு ஒரு சர்வதேசப் பரிசு வழங்கப்பட்டது. 1976-ல் அவுஸ்திரேலிய அரசின் உயர் விருதும் கிடைத்தது. 1980 நவம்பர் 16-ம் திகதி தமது 68-வது வயதில் காலமானார்.

நாம் அறியவேண்டியது

இன்றும் இருமுனைக் கோளாறுக்கு நெடுங்காலம் கொடுக்கப்படும் மருந்துகளுள் இலிதியம் முதன்மை பெற்றதாகவே விளங்குகிறது. ஆனால் மருந்து நிற்கும் அளவுக்கும் நஞ்சு தொடங்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிக ஒடுங்கியது. குருதியில் ஒரு லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமூல் வரை இருப்பது பொதுவாக நன்மை பயக்கும், 1.5-க்கு மேற்போனால் நஞ்சின் குறிகள் தோன்றும். ஆகவே, கடைசிக் குளிகை எடுத்துப் பன்னிரண்டு மணிநேரம் கழித்துக் குருதி சோதிக்கப்படுகிறது. தொடக்கத்தில் வாரந்தோறும், அளவு நிலைப்பட்டபின் மூன்று மாதத்துக்கொரு முறை, பின்னர் பலருக்கு ஆறு மாதத்துக்கொரு முறை. சிறுநீரகம், தைரொயிட், குருதியிலுள்ள கல்சியம் ஆகியவையும் ஆறு மாதத்துக்கொரு முறை பார்க்கப்படும்.

இடையில் என்ன நேர்ந்தால் ஆபத்து என்பதையும் வீட்டார் அறிந்திருத்தல் நல்லது. உடலில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தைக் காப்பதுபோல இலிதியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். குருதியில் அதன் அளவு ஏறும். வயிற்றோட்டம், வாந்தி, கடுங்காய்ச்சல், கொளுத்தும் வெயிலில் வேலை, நீரருந்தாத உபவாசம், திடீரென உப்பை விலக்குதல் ஆகிய யாவும் இதற்கு வழி. சிறுநீர் போக்கும் மாத்திரைகளும், கடையில் எளிதில் வாங்கும் இபுபுரோபன் போன்ற நோவு மாத்திரைகளும் அவ்வாறே. கைநடுக்கம் மிகுதல், நடை தள்ளாடுதல், நாக் குழறுதல், வாந்தி, வயிற்றோட்டம், தூக்க மயக்கம் ஆகியவற்றைக் கண்டால் நாளைக்கு என்று தள்ளாது அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். கருவுற எண்ணும் பெண்களும் முன்கூட்டியே வைத்தியரோடு பேசவேண்டும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அது சுகமாயிருக்கும் நாளில் வருவது. இனி எதற்கு மருந்து என்று நோயாளி நினைப்பார், வீட்டாரும் நினைப்பர், அயலவர் அதற்குத் தூபமிடுவர். சுகம் வந்தது மருந்தினால் என்பதை அந்தச் சுகமே மறைத்துவிடுகிறது. சட்டென நிறுத்தினால் நோய் விரைந்து திரும்பும். பண்டூராவில் ஐந்து ஆண்டு உன்மத்தத்திலிருந்து எழுந்து வேலைக்குப் போன அந்த மனிதர் மீண்டும் வீழ்ந்தது அப்படித்தான். குறைக்கவேண்டுமா, மாற்றவேண்டுமா, நிறுத்தவேண்டுமா என்பதை வைத்தியரே சோதனைகளைப் பார்த்து, படிப்படியாகச் செய்யவேண்டும்.

வாசகரே, ஜோன் கேட் ஓர் உப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதனை அளக்க இன்னொருவர் வழி கண்டார். அது நோயைத் தடுக்கிறதென்று வேறொருவர் காட்டினார். இவர்கள் அனைவரின் உழைப்பும் ஒரு வீட்டில் பலன் தரவேண்டுமானால், அந்த வீட்டிலும் ஒருவர் வேண்டும். குளிகை எடுத்தாயிற்றா என்று அன்பாய்க் கேட்பவர். குருதிச் சோதனைக்குரிய திகதியை நாட்காட்டியிற் குறித்து வைப்பவர். கிளினிக் நாளில் நோயாளி வெட்கப்படாதபடி உடன் செல்பவர். உறக்கம் குறைகிறதா, பேச்சு மிகுகிறதா என்று முதலிலேயே கவனிப்பவர். உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ இப்படியொரு நோயாளி இருந்தால், அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.